பளிங்கு முகம்

மயிலாப்பூர் ஸ்கேன் சென்டரின் இருட்டறையில் லாவண்யா மல்லாந்து படுத்திருக்கிறாள். வயிற்றில் தடவிய ஜெல் சில்லென்று விலாப்பக்கம் வழிகிறது. ஐந்தாம் மாதத்துக்கென்று மாமியார் அடுக்கிவிட்ட கண்ணாடி வளையல்கள் குலுங்க, "கையை அசைக்காதீங்கம்மா" என்கிறார் டாக்டர் மாளவிகா. திரையின் நீல வெளிச்சத்தில் கொட்டைப்பாக்கு அளவு இதயம் படபடக்கிறது. டாக்டரின் கை அதைவிட்டு நகரவே மாட்டேன் என்கிறது. சாய்த்துப் பார்க்கிறார், அழுத்திப் பார்க்கிறார், மறுபடியும் அதே இடம். பெண் பார்க்க வருமுன்னே அம்மா ரகசியமாக வாங்கித் தந்த பரு மாத்திரை லாவண்யாவின் நினைவில் உருள்கிறது. அட்டையின் பின்னால் கர்ப்பிணிப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அதை ஒளித்து வைத்து விழுங்கினாள். நாள் தள்ளிப்போனது தெரிவதற்குள் அட்டை காலி. அந்த மாத்திரை வைட்டமின் ஏ வகை. கருவின் இதயத்துக்கு எது உள்வழி, எது வெளிவழி என்று சொல்லிக் கொடுப்பதே வைட்டமின் ஏ தானாம். அது மிஞ்சினால் வழி குழம்பிப்போகுமாம். போனில் படித்ததை யாரிடம் சொல்வது?

"ஆரம்பத்துல வைட்டமின் ஏ மாத்திரை, பரு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

லாவண்யா வாய் திறக்குமுன் தலைமாட்டிலிருந்து மாமியார் இசக்கியம்மாள் முந்திக்கொள்கிறாள். "இவளுக்குப் பருவே வந்ததில்ல டாக்டரம்மா. பொண்ணு பாக்கப் போனப்பவே மூஞ்சி பளிங்கு மாதிரில்லா இருந்திச்சு!" பெருமையோடு மருமகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிக்கிறாள்.

டாக்டர் இப்போது திரையைப் பார்க்கவில்லை. அந்த முகத்தையே பார்க்கிறார்.