ரொட்டிக்காரனுக்கு எதற்கு ரத்தப் பரிசோதனை?

அன்று டாக்டர் ரவ்தாவின் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். டாக்டர், ஹாஜ்ஜா மஹ்பூபா, அவளுடைய மூத்த மகன் ஃபவ்ஸி, போன மாதம் ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு வந்திருந்த இரண்டாவது மகன் லம்ஜெத், கடைசிப் பெண் சிஹெம். ஆறாவது ஆள், முழங்கையில் மாவு ஒட்டியிருந்த தெருமுனை ரொட்டிக்காரன் நெஜிப்.

அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று சிஹெமுக்குப் புரியவில்லை. அவனுக்கும் புரியவில்லை.

"அம்மா கூப்பிட்டாங்க, வந்தேன். அடுப்பை அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன், சீக்கிரம் அனுப்பினா தேவலை" என்றான்.

டாக்டர் நிதானமாகச் சொன்னாள். "சிறுநீரகப் புற்று பெரும்பாலும் தானா வர்றது. அந்த ஒரு ஆளோட நின்னுடும். ஆனா லம்ஜெத்துக்கு வயசு முப்பத்தேழுதான். ரெண்டு பக்கமும் கட்டி. ரத்தத்துல பார்த்ததுல, இது பிறக்கும்போதே வந்ததுன்னு தெரிஞ்சுபோச்சு."

"பிறக்கும்போதே புற்றா?" என்றாள் சிஹெம்.

"புற்று இல்லை, பழுது. இந்த ஜீன் எல்லாருக்கும் ரெண்டு பிரதி இருக்கும். ஒண்ணு அப்பா குடுத்தது, இன்னொண்ணு அம்மா குடுத்தது. இவருக்கு ஒண்ணு பழுதாவே வந்திருக்கு. மிச்சம் இருந்த நல்லதும் சிறுநீரகத்துல எங்கேயோ கெட்டுப்போனதும், கட்டி கிளம்பிடுச்சு. கூடப் பிறந்தவங்களுக்கும் அந்தப் பழுது இருக்கலாம், பாதிக்குப் பாதி. தெரிஞ்சா ஸ்கேன் பண்ணிச் சின்னதா இருக்கும்போதே பிடிச்சுடலாம். தெரியாம விட்டா உயிருக்கு உத்தரவாதம் இல்லை."

ஃபவ்ஸி சட்டைக் கையை மடக்கினான். சிஹெமும் மடக்கினாள்.

"நெஜிப், நீயும் மடக்கு" என்றாள் ஹாஜ்ஜா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அம்மா, அவனுக்கு எதுக்கு?" என்றான் ஃபவ்ஸி.

"அவனும் என் பால் குடிச்சவன்தானே? கெர்கென்னா தீவுல இருந்தப்ப பக்கத்து வீட்டுக்காரி, இவன் அம்மா, பிரசவத்துல பிள்ளையோட போய்ச் சேர்ந்தா. அப்ப இவனுக்கு ஒண்ணரை வயசு. நான்தான் பால் குடுத்தேன். சிஹெமை இவனுக்குக் கட்டிக்குடுக்க முடியுமா? மார்க்கம் விடாது. அப்ப இவனும் கூடப் பிறந்தவன்தானே?"

ஃபவ்ஸி தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் பள்ளிக்கூடத்துல உயிரியல் நடத்துறவன். தயவு செஞ்சு இதை வெளியில சொல்லிடாதே. என் வேலை போயிடும்."

டாக்டருக்கும் சிரிப்பு வந்தது. "ஹாஜ்ஜா, பால் உறவு கல்யாணத்துக்குத்தான் தடை. ஜீனுக்கு அதெல்லாம் தெரியாது. பால் வழியா இது வராது."

"வருதோ வரலையோ, எடுங்க. அவனுக்கு இல்லேன்னா என் பிள்ளைங்களுக்கும் வேண்டாம். எழுந்திரிங்கடா, போகலாம்."

"அம்மா, எனக்கு ஊசின்னாலே…" என்று இழுத்தான் நெஜிப்.

"தினமும் நெருப்புக்குள்ள கையை விடுறவனுக்கு ஊசி பயமாக்கும்!"

ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் லம்ஜெத் வாய்விட்டுச் சிரித்தான். "எடுத்துடுங்க டாக்டர். விட்டா, நாங்க பால் குடிச்ச ஆட்டையும் கூட்டிட்டு வந்துடுவாங்க."

ஹாஜ்ஜாவுக்கும் சேர்த்தே எடுத்தார்கள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று சிஹெம் நினைத்துக்கொண்டாள்.

முடிவு வந்த அன்று லம்ஜெத் மறுபடியும் வார்டில் இருந்தான். ஹாஜ்ஜாவுக்கும் ஃபவ்ஸிக்கும் சிஹெமுக்கும் பழுது இல்லை. அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டே சிஹெம் வெளியே வந்தாள். எதிரே நெஜிப் நின்றிருந்தான், முகமெல்லாம் வெளிறிப்போய்.

"எனக்கு இருக்காம் தங்கச்சி. லம்ஜெத்துக்கு இருக்கிற அதே பழுது, அதே இடத்துல. ஸ்கேன்ல கொண்டைக்கடலை அளவுக்குக் கட்டி. அதை மட்டும் எடுத்தா போதுமாம், சிறுநீரகம் தப்பிச்சுதாம். ஏன் சிஹெம், பால்ல வராதுன்னுதானே டாக்டர் சொன்னாங்க?"

அவன் லம்ஜெத்தைப் பார்க்க வார்டுக்குள் போனதும் ஃபவ்ஸி சிஹெமை ஓரமாக இழுத்தான்.

"அம்மாவுக்கு இல்லை. அப்ப லம்ஜெத்துக்கு அப்பா வழியில வந்திருக்கு. அதே பழுது நெஜிப்புக்கு எப்படி வந்தது? யோசிச்சுப் பாரு."

"அண்ணே, வேண்டாம்."

"அஞ்சு வேளையும் தொழுத மனுஷன்! பக்கத்து வீட்டுலயே… அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கு. இத்தனை வருஷம் மூடி மறைச்சிருக்கா." அவன் விறுவிறுவென்று படி இறங்கிப் போய்விட்டான்.

வார்டுக்கு வெளியே ஹாஜ்ஜா பெஞ்சில் உட்கார்ந்து லம்ஜெத்துக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சிஹெம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எப்படிக் கேட்பது?

"அம்மா… அப்பாவுக்கும் நெஜிப்போட அம்மாவுக்கும்…"

ஹாஜ்ஜாவின் கை நின்றது. வார்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"உங்க அப்பாமேல பழி போடாதே. அந்தப் பிரசவத்துல போனது தாய் மட்டும்தான்."

சிஹெம் விழித்தாள்.

"உடம்புக்கு முடியாமப் படுத்திருக்கிறவன்கிட்ட போய் இப்ப அதைச் சொல்லுவேனா? புத்தி கெட்டவள்னு நாலு பேர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நெஜிப் பிழைச்சான், அது போதும்." ஒரு சுளையைச் சிஹெமின் கையில் வைத்தாள். "நான் பால் குடுத்தது நாலு பேருக்கு. பெத்தது உன்னையும் ஃபவ்ஸியையும்."

கதவுக்கு அந்தப் பக்கம் லம்ஜெத் ஏதோ கேலி பேச, நெஜிப் சிரிப்பது கேட்டது. இரண்டும் ஒரே சிரிப்பாக இருந்தது.

நாலில் இரண்டு போக, மிச்சம் இரண்டு.