சாட்சி தினமும் எங்கே போகிறார்?

"நாளைக்குப் பரீட்சை. வேகமா படி, வெண்டல்" என்று நோரீன் முகமூடி மைக்கை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் படிக்கும் வேலை அப்படி: நீதிமன்றத்தில் யார் எதைப் பேசினாலும் உடனுக்குடன் அந்த மைக்குக்குள் திருப்பி முணுமுணுக்க வேண்டும், கணினி எழுதிக்கொள்ளும். ஒரு சொல் விடக்கூடாது, முகமும் மாறக்கூடாது.

வியர்த்தது என்னவோ அவள் கணவன் வெண்டலுக்குத்தான்.

"காதுல நுழையறது வாய் வழியா போயிடும், மண்டைல தங்காது" என்று அவள் அடிக்கடி சொல்வாள். அதை நம்பித்தான் இன்று துணிந்திருந்தான். சொன்னது போலவும் ஆகும், அவள் கேட்டது போலவும் ஆகாது. கணினியில் இருப்பதை அவள் குளிக்கப் போகும்போது அழித்துவிடலாம்.

தாளைப் பார்த்து, கேள்வியையும் பதிலையும் தானே படிக்கத் தொடங்கினான்.

"சாட்சி தினமும் சாப்பாட்டு டப்பாவோட எங்க போறார்?"

"ஏரிக்கரைக்கு. சாண்ட்விச்ல பாதியை வாத்துக்குப் போடுவேன்."

"வேலைக்குப் போகலையா?"

"டயர் குடோனை மூடிட்டாங்க. பொண்டாட்டிகிட்ட சொல்ல பயம்."

முணுமுணுப்பு தடங்கலில்லாமல் கூடவே ஓடியது. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தப்பித்தோம் என்று வெண்டல் தாளை மடித்தான். அது வெறும் வெள்ளைத்தாள்.

நோரீன் முகமூடியைக் கழற்றினாள். "சாட்சி ரொம்ப மெதுவா பேசறார். பரீட்சைல இதைவிட வேகமா வரும்."

"அவ்வளவுதானா?"

"ரெண்டு மாசமா உன் சட்டைல ரப்பர் வாடையே இல்ல. துவைக்கிறவளுக்குத் தெரியாதா? சம்பளத்துக்கு இல்லாம நான் வேற எதுக்கு இந்த வகுப்புல சேர்ந்தேன்னு நினைச்சே?"

வெண்டல் மடித்த தாளை மறுபடி பிரித்தான்.

"நாளைக்காவது சாண்ட்விச்சை முழுசா நீயே தின்னு. வாத்துக்குன்னா இவ்வளவு வெண்ணெய் தடவியிருக்க மாட்டேன்."