இருநூற்றுத் தொண்ணூற்றேழாவது ஓட்டை

"டாக்டர் வந்ததும் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொல்ல மாட்டேன்" என்றார் பட்டறைக்காரர், வீங்கிய இடது கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு.

மேஜை மேல் அந்த அலுமினியத் தகடு பளபளவென்று கிடந்தது. பல் டாக்டர் கொடுத்த ஆர்டர். பகலெல்லாம் பல் பிடுங்குகிறவருக்குச் சாயங்காலமானால் லேசர் பைத்தியம் பிடித்துவிடும். பல்செட் ஒன்றை லேசரால் படமெடுத்து, அது அந்தரத்தில் நின்று சிரிக்கிற மாதிரி காட்ட வேண்டுமாம். அதற்கான கண்ணாடி, லென்ஸ் எல்லாவற்றையும் அசையாமல் திருகி வைக்கத்தான் இந்தத் தகடு. வரிசைக்கு இருபது வீதம் பதினைந்து வரிசை, மொத்தம் முந்நூறு ஓட்டை. ஒவ்வொன்றிலும் திருகாணி இறங்க மரை வெட்டியிருக்க வேண்டும்.

இருநூற்றுத் தொண்ணூற்றாறு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அடுத்த ஓட்டையில், மரை வெட்டுகிற டேப் என்கிற எஃகு முனை டக்கென்று உடைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது.

நாள் முழுக்கக் குத்தியும் நெம்பியும் பார்த்தார். அது வருவதாக இல்லை. கடைசியில் உலோகப் பசையால் மூடி, தேய்த்துச் சமமாக்கி, மேலே கறுப்பு மார்க்கரால் அழகாக ஒரு வட்டம் போட்டுவிட்டார்.

"ஓட்டையை வரைஞ்சு கொடுக்கிற பட்டறை உலகத்துலேயே நம்மளுது ஒண்ணுதான்" என்றாள் மனைவி.

"மூணடி தள்ளி நின்னு பாரு. ஓட்டை மாதிரி இருக்கா இல்லையா?"

"அவர் மூணடி தள்ளி நின்னு பார்க்கிற ஆளா? அவர் பொழைப்பே பக்கத்துல வந்து பார்க்கிறது. போன வாரம் உங்க பல்லை ரெண்டு மணி நேரம் பார்த்தாரே, அப்படி ஒரு அக்கறையை நான் எங்கேயும் கண்டதில்லை. அவரைப் போய் ஏமாத்தறீங்களே."

"ரெண்டு மணி நேரம் பார்த்து என்ன? வலி குறையலையே."

"வாய் ஓயாம பேசினா எப்படிக் குறையும்?"

பட்டறைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அவரோட லேசர் சங்கத்துல இன்னும் ஒன்பது பேர் இருக்காங்களாம். இது நல்லா வந்தா எல்லாரும் இங்கதான் வருவாங்க. ஒரே ஒரு ஓட்டைக்காக முப்பது வருஷப் பேரைக் கெடுத்துக்கச் சொல்றியா?"

அவள் பதில் சொல்வதற்குள் டாக்டரே வந்துவிட்டார். பட்டறைக்காரரின் கன்னத்தைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் தகட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பையிலிருந்து நெற்றி விளக்கு வந்தது. வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி வந்தது. கடைசியாக ஒரு திருகாணி வந்தது.

"எல்லா ஓட்டையையும் பார்த்துடுவோமா?" என்றார்.

"எல்லாத்தையுமா?"

"எனக்கென்ன அவசரம்."

முதல் ஓட்டையில் திருகாணியை இறக்கினார், ஏற்றினார், கண்ணாடியை விட்டுப் பார்த்தார், "ம்" என்றார். இரண்டாவதற்குப் போனார். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறாவது வரிசையில் டீ ஆறிப்போனது. பத்தாவது வரிசையில் பட்டறைக்காரர் சட்டை நனைந்துவிட்டது. அவருக்குத் தன் வாய்க்குள்ளேயே யாரோ விளக்கடித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கடைசி வரிசை. பதினாலு. பதினைந்து. பதினாறு.

"டாக்டர், நிறுத்துங்க" என்றார் பட்டறைக்காரர். "அடுத்தது ஓட்டை இல்லை. படம்."

டாக்டர் நிமிர்ந்தார். நெற்றி விளக்கு பட்டறைக்காரர் முகத்தில் அடித்தது.

"உள்ளே என்ன இருக்கு?"

"டேப் முனை. உடைஞ்சு மாட்டிக்கிச்சு. தோண்டி எடுக்கப் போனா தகடே வீணாயிடும். அதான் மூடிட்டேன்."

"ஏன் அப்பவே சொல்லலை?"

"வெட்கமா இருந்தது டாக்டர். என்னைப் பத்தி என்ன நினைப்பீங்களோன்னு பயம்."

மனைவி தலை குனிந்தாள். டாக்டர் கத்துவார் என்று இருவருமே எதிர்பார்த்தார்கள். டாக்டரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தார்.

"அது உள்ளேயே கிடந்தா ஏதாவது கெடுதல் உண்டா?"

"கெடுதலா? அது பாட்டுக்குக் காலத்துக்கும் கிடக்கும்."

"கைதேர்ந்தவங்களுக்கும் இப்படி நடக்குமா?"

"யாருக்கும் நடக்கும் டாக்டர். கைமேல தப்பே கிடையாது. அந்த முனை அவ்வளவு மெல்லிசு."

"அப்போ, செஞ்சவன் மேல கோபப்படக் கூடாதுங்கறீங்க."

"நல்ல மனுஷனா இருந்தா கோபப்பட மாட்டான்" என்றார் பட்டறைக்காரர்.

டாக்டர் அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "எனக்குக் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. மத்த ஒன்பது தகடும் இங்கதான். அம்மா, இவர் சொன்னதையெல்லாம் நீங்களும் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன் டாக்டர்" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்களுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு."

டாக்டர் நெற்றி விளக்கை அணைத்தார். பற்றிய கைகளை மட்டும் விடவில்லை.

"போன வாரம் உங்க கடவாப் பல்லு வேரைச் சுத்தம் பண்ணும்போது என் ஊசி முனை உடைஞ்சு உள்ளேயே மாட்டிக்கிச்சுங்க. நானும் மேல மூடித்தான் அனுப்பினேன்."