தெற்குக் கை

“நோரீன், உங்க இடது கை எதுன்னாவது தெரியுமா?” என்று கேட்டார் அரசு வக்கீல். கோர்ட்டில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

நோரீன் சிரிக்கவில்லை. எதிர்க் கூண்டில் நின்ற தம்பி எர்னியைப் பார்த்தாள். சித்தப்பா மகன் ஹரால்டின் மண்டையைத் தடியால் பிளந்ததாக அவன்மேல் வழக்கு.

ஹரால்ட் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. அடித்தவனைப் பார்த்த ஒரே சாட்சி நோரீன்தான். அதுவும் கொட்டுகிற மழையில், மழைக்கோட்டுப் போட்ட முதுகை மட்டும்.

“வலது கையால அடிச்சான்னு வாக்குமூலம் குடுத்திருக்கீங்க. இப்ப தெற்குக் கைங்கறீங்க. தம்பியைக் காப்பாத்தவா?”

“நான் எதையும் மாத்தல. அன்னைக்கும் தெற்குக் கைன்னுதான் சொன்னேன். எழுதினவரைக் கேளுங்க.”

எழுதியவர் எங்கள் ஊர் சார்ஜென்ட் ப்ரூயிட். ஓரத்து மேசையில் குனிந்து ஏதோ குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். வக்கீல் கையிலிருந்த வாக்குமூலத்திலும் அவர் எழுத்துதான். காயுமுன் கை பட்டு வரிக்கு வரி மை இழுபட்டிருந்தது.

“இவங்க பேசறது நமக்குப் புரியணுமே. நான்தான் திருத்தி எழுதினேன்” என்றார் தலை நிமிராமல்.

கேப் யார்க் பழங்குடிகளான எங்கள் பேச்சே அப்படித்தான், இடது வலது என்ற சொல்லே கிடையாது. கிழக்கே தள்ளி உட்கார் என்போம், மேற்குக் கன்னத்தில் கொசு என்போம். மூன்று வயசுப் பிள்ளைக்கும் திசை தெரியும். இந்த ஆள் அதைத் திருத்தினாராம்.

“ஜன்னலே இல்லாத இந்த ரூம்ல தெற்கு எதுன்னு காட்டுங்க, பார்ப்போம்” என்றார் வக்கீல்.

யோசிக்காமல் கையை நீட்டினாள். மாஜிஸ்திரேட் அம்மா தன் போனில் திசைகாட்டியைப் பார்த்தார். துளி பிசகவில்லை. சிரிப்பு அடங்கிவிட்டது.

“அடிச்சவன் எப்படி நின்னான்னு நின்னு காட்டுங்க” என்றார் மாஜிஸ்திரேட்.

“மேற்கே பார்த்து நின்னான். இப்படி.” நோரீன் திரும்பி நின்று தெற்குப் பக்கக் கையைத் தலைக்கு மேல் ஓங்கினாள்.

அது இடது கை.

“குதிரையிலேர்ந்து விழுந்ததுலேர்ந்து என் தம்பியால இந்தக் கையைத் தோளுக்கு மேல தூக்க முடியாது. ஊருக்கே தெரியும். நாலு மாசமா அவனை உள்ள வச்சிருக்கீங்க. நாங்க பேசறது உங்களுக்கெல்லாம் மனுஷப் பேச்சாத் தெரியலையா?”

ஓரத்து மேசையில் பேனா ஓடுகிற சத்தம் நின்றிருந்தது.

மாஜிஸ்திரேட் வாக்குமூலத்தை வாங்கி, இழுபட்ட மையின் மேல் தன் இடது கையை எழுதுவதுபோல் நகர்த்திப் பார்த்தார். பிறகு மெதுவாக அந்த மேசைப் பக்கம் திரும்பினார்.

“சார்ஜென்ட், பேனாவைக் கை மாத்தாதீங்க.”