கதவில் கோளாறு

தேன்மதி எழுதிய முதல் கணினி நிரல், மழையளவுத் தகவல் சேகரிக்கக் கிளம்பியது. இன்றும் வெறுங்கையோடு திரும்பினால் அதை அழித்துவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள்.

தகவல் கிடங்கின் கதவு, சாவியான ரகசியக் குறியீட்டைக் கேட்டது. நிரல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தேன்மதி எழுதித் தந்த சீட்டை நீட்டியது.

"செல்லாது."

"ஒன்பது தடவை காட்டிட்டேன்! உங்களுக்குக் கண்ணு தெரியலையா, அண்ணே?"

"நல்லாவே தெரியுது, தம்பி. நீயே சத்தமா வாசி."

நிரல் வாசித்தது. "உங்கள் சாவியை இங்கே ஒட்டவும்."

"உன்னை எழுதினவங்க, சாவி இருக்க வேண்டிய இடத்துல பாடப் புத்தகத்து மாதிரி வரியை அப்படியே ஒட்டி அனுப்பியிருக்காங்க," என்றது கதவு.

நிரல் ஓடிப்போய்ச் சொன்னது. தேன்மதி நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் சாவியை ஒட்டினாள். கதவு திறந்தது. நிரல் தகவலை அள்ளிக்கொண்டு திரும்பியபோது, அவள் தோழியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவங்க கதவுலதான்டி கோளாறு. இப்ப சரிபண்ணிட்டாங்க."

நிரலும் கம்பீரமாகத் தலையாட்டியது.