திருத்தாத கேமரா

சத்துவாச்சாரி ஐந்தாவது தெருவில் திருஞானத்தைத் தெரியாதவர் கிடையாது. எங்கே இருட்டைக் கண்டாலும் கேமராக்கள் தாமாகவே வெளிச்சம் பூசிவிடுகிற காலத்தில், மூன்று வருடம் மனுப் போட்டு, திருத்தாத கேமரா ஒன்றை வாங்கித் தொலைநோக்கியில் மாட்டிய மகான். அவர் எடுப்பதெல்லாம் இருண்ட நெபுலா, அதாவது நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு நிற்கும் தூசி மேகம்.

"கறுப்பைக் கறுப்பாவே பாக்கணும் சார், அதான் அழகு" என்று பால் வாங்கப் போகிறவர்களைக்கூட நிறுத்திவைத்துப் பாடம் நடத்துவார்.

அப்பேர்ப்பட்டவர், மகள் இளவேணிக்கு வரன் வந்ததும், வீட்டுக் கேமராவில் வெளிச்சத்தை இன்னும் இரண்டு படி ஏற்றிப் படம் அனுப்பினார். பெண் சந்தன நிறத்தில் ஜொலித்தாள். பிள்ளை வீட்டாருக்குப் பரம திருப்தி.

இளவேணி சும்மா இருந்திருக்கலாம். அப்பாவின் கேமராவைக் கழற்றி, தன்னைத்தானே ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பிள்ளையின் அம்மா திரையில் வந்தார். "என்னங்க, பொண்ணு இவ்ளோ கறுப்பா?"

"ஐயோ, அது பழுதான கேமராங்க சம்பந்தியம்மா. நிறமே சரியா விழாது" என்றார் திருஞானம், கொஞ்சமும் கூசாமல்.

இளவேணி ஹாலில் மாட்டியிருந்த நெபுலா படத்தைக் கழற்றி வந்து அவர் மடியில் வைத்தாள். "அப்ப இதையும் தூக்கிப் போட்ருங்கப்பா. அதே கேமராதானே எடுத்துச்சு?"

வீட்டுக் கேமரா அந்தப் படத்தையும் பார்த்து, தன் வேலையைச் செய்தது.

"அட, பாலாட்டம் என்னங்க அது?" என்றார் சம்பந்தியம்மா.

திருஞானம் மகளைப் பார்க்கவில்லை.

"மேகமுங்க," என்றார். "வெள்ளை மேகம்."