கல் மோதிரம்

வந்தவர் வாசலிலேயே காலணியைக் கழற்றினார். தலைக்கு வலைத்தொப்பி மாட்டிக்கொண்டுதான் சமையலறைக்குள் நுழைந்தார்.

"கை கழுவிட்டீங்களா?"

"கழுவிட்டேன், சார்." அவள் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள்.

"பெயில்! கழுவின கைய அழுக்குத் துணியில துடைச்சா, கழுவினதெல்லாம் ஆத்துல கரைச்ச புளி. போன தடவை சர்டிபிகேட் தராமப் போனதே இதனாலதானே?"

அவள் முகம் சுருங்கியது. "இந்தத் தடவையும் தரலன்னா பள்ளிக்கூட கேண்டீன் ஆர்டர் கைநழுவிப் போயிடும், சார்."

"அப்போ அந்தக் கல் மோதிரத்தைக் கழட்டுங்க."

"கழலாது, சார். கல்யாணத்துல போட்டது."

"கல்லு உதிர்ந்து சாப்பாட்டுல விழுந்தா, கடிக்கிற பிள்ளைக்கு உங்க கல்யாணம் தெரியுமா?"

அவர் அவள் விரலில் சோப்பைத் தடவி இழுத்தார்.

"ஐயோ, மெதுவாய்யா! போடும்போது மட்டும் பூ மாதிரி போட்டியே!"

"நாளைக்கு நிஜ ஆபீசர் வரும்போது இப்படிக் கத்திடாதடி."

அவள் கணவன் உணவுத் தொழிற்சாலையில் மூட்டை தூக்குகிறவன். அங்கே சோதனைக்கு வரும் அதிகாரிகளைப் பார்த்துப் பார்த்தே கேள்விகளைப் பாடம் பண்ணியிருந்தான்.

மோதிரம் கழன்றது. சிவந்த விரலை ஊதிவிட்டு, மோதிரத்தைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நாளைக்கு நீ பாஸானதும் நானே போட்டு விடுறேன்."

"ஆகலன்னா?"

"அப்பவும் நான்தானே போடணும்? வா, மறுபடியும் முதல்ல இருந்து. கை கழுவிட்டீங்களா?"